இந்த எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொல் எது? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டின் பலகை முன் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் ஏழு காய்கள்: ஆர், ஜி, இ, ஏ, டீ, என், ஐ. இந்த ஏழையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டால், சொல்லுக்குரிய மதிப்பெண்ணோடு 50 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரு வரிசைக்கு ஒரு நொடி என்று ஓயாமல் பார்த்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 84 நிமிடங்கள் பிடிக்கும். அத்தனையிலும் சொல்லாகத் தேறுபவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது ஒரு முறையே அல்ல. சொல் எந்த இடத்தில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அறிந்து, அங்கே மட்டும் தேடுவதே முறை. அதைத்தான் இங்கே படிப்படியாக விளக்க முயல்கிறேன். ஸ்க்ராபிளுக்கு மட்டுமன்றி, நாளிதழ்களின் சொற்புதிர்களுக்கும் குறுக்கெழுத்துக்கும் இது பயன்படும்.

தொடங்குமுன் ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது சில எழுத்துகள் ஒன்றாகிவிடுகின்றன. 'டேபிள்' என்பதன் முதலெழுத்தையும் 'டாக்டர்' என்பதன் முதலெழுத்தையும் நாம் 'டி' என்றே எழுதுகிறோம். 'பேப்பர்', 'பாட்டில்' ஆகியவற்றின் முதலெழுத்துகளுக்கும் இதே கதிதான். இக்கட்டுரையில் டேபிளின் எழுத்தை 'டீ' என்றும், டாக்டரின் எழுத்தை 'டி' என்றும், பேப்பரின் எழுத்தைப் 'பீ' என்றும், பாட்டிலின் எழுத்தைப் 'பி' என்றும் குறிப்பிடுகிறேன். தேநீரை நினைத்துக்கொண்டால் முதலாவது மறக்காது.

முதலில் கேள்வியைத் தெளிவாக்குங்கள்

'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்று ஒருவர் கேட்டால், அவர் மூன்றில் எதையும் கேட்டிருக்கலாம். எழுத்துகள் அதே வரிசையில், இடைவெளியின்றி, ஒரே கட்டாக வரவேண்டும் என்பது ஒன்று. வரிசை மாறக்கூடாது, ஆனால் இடையிடையே வேறு எழுத்துகள் வரலாம் என்பது இரண்டாவது. எப்படி வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கலாம், எல்லாம் இருந்தால் போதும் என்பது மூன்றாவது. சி, ஏ, டீ என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஒரே கட்டாக வேண்டுமென்றால் எஜுகேஷன், வெகேஷன், டெலிகேட், ஸ்கேட்டர் ஆகியவை கிடைக்கும். வரிசை மட்டும் போதுமென்றால் சாட், கிராஃப்ட், கோஸ்ட், கேரட் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எப்படியும் வரலாம் என்றால் ஜாக்கெட், டொபாக்கோ, டாக்டிக் என்று வாசல் அகலத் திறந்துவிடும். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டில் மஞ்சள் கட்டம் சொல்வது இந்த மூன்றாவது வகைச் செய்தியைத்தான்: எழுத்து சொல்லில் இருக்கிறது, ஆனால் நீங்கள் வைத்த இடத்தில் இல்லை. பச்சைக் கட்டமோ இடத்தையும் உறுதி செய்துவிடுகிறது. எந்த வகைக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தீர்மானிக்காமல் தேடத் தொடங்கியவர்கள், கிடைத்த விடையைக் கூட விடையென்று அறியாமல் கடந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காதை அடக்கிக் கண்ணைத் திறங்கள்

மேலே சொன்ன எஜுகேஷன் என்ற சொல்லைத் திரும்பவும் நினைத்துப் பாருங்கள். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல் அதன் நடுவில் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் காதுக்கு அங்கே கேட்பது 'கேஷன்' என்ற ஒலி மட்டுமே. தமிழ் வழியே எழுத்தறிவு பெற்ற நமக்கு இந்த விளையாட்டில் வரும் பெரிய இடையூறு இதுதான். தமிழிலும் ஓரெழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. கடல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் எழுத்து நிற்கும் இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம். ஒலியைக் கேட்டு எழுத்தைச் சொல்வதிலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் அந்தப் பின்வழி அடைபட்டுக் கிடக்கிறது. 'சர்ட்டன்' என்ற சொல்லைக் காதால் தேடுபவர் எஸ் என்ற எழுத்தைத் தேடுவார். சொல்லோ சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. 'நைஃப்' என்பதைக் காதால் தேடுபவருக்குக் கே என்ற எழுத்து நினைவுக்கே வராது. 'பிரிட்ஜ்' என்ற சொல்லின் டி அநேகமாக யார் காதிலும் விழுவதில்லை.

எனவே எழுத்துகளை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிளின் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அவரே வென்றார். அந்த மொழியும் அவர் பேசும் மொழி அன்று. சொல்லின் ஒலியும் பொருளும் இல்லாமலே, எழுத்துகளின் கூட்டமாக மட்டும் அவர் சொற்களை மனத்தில் பதித்துக்கொண்டார். அவரைப் போல் அகராதியை மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது மனிதர்களுக்கு உரிய வேலையா என்பதே எனக்கு ஐயம். ஆனால் ஒலி இன்றியும் சொல் பிடிபடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வாலை முதலில் பிரியுங்கள்

இனிச் செயல்முறைக்கு வருவோம். முதல் வேலை, உயிரெழுத்துகளை ஒருபுறமும் மெய்யெழுத்துகளை மறுபுறமும் ஒதுக்குவது. இரண்டும் ஓரளவு சமமாக இருந்தால் நீண்ட சொல் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். இதற்குச் சில நொடிகளுக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது வேலைதான் முக்கியமானது. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட வால்களோடு முடிகின்றன. கையில் உள்ள எழுத்துகளில் எந்த வால் அமைகிறது என்று பார்த்து, அதைப் பிரித்து வலது கோடியில் வைத்துவிட வேண்டும். ஏழு எழுத்துகளோடு போராடுவதைவிட, மீதியுள்ள நான்கோடு போராடுவது எளிது. நான்கு எழுத்துகளுக்கு 24 வரிசைகள்தான். தொடக்கத்தில் சொன்ன ஆர், ஜி, இ, ஏ, டீ, என், ஐ ஆகிய ஏழையும் இப்போது கையில் எடுப்போம்.

ஐ-என்-ஜி என்ற வால் பளிச்செனக் கண்ணில் படும். அதைப் பிரித்தால் டீ, இ, ஏ, ஆர் மிஞ்சுகின்றன. கிழித்தலையும் கண்ணீரையும் குறிக்கும் 'டியர்' என்ற சொல் அதில் இருக்கிறது. எனவே 'டேரிங்', அதாவது கிழித்துக்கொண்டிருத்தல், முதல் விடை. இங்கே ஒரு பள்ளமும் இருக்கிறது. அதே நான்கு எழுத்துகளில் 'ரேட்' என்ற சொல்லும் அமைகிறது. ஆனால் அது இ என்ற எழுத்தில் முடிவதால், ஐ-என்-ஜி சேரும்போது அந்த இ கழன்றுவிடும். 'ரேட்டிங்' ஆறெழுத்துச் சொல்லாகச் சுருங்கி, ஒரு காய் கையில் தங்கிவிடும். இ என்பதில் முடியும் வினைச்சொல்லைக் கண்டால் இந்தக் கழிவை மறக்காமல் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஐ-இ-ஆர் என்ற வாலைப் பிரித்துப் பாருங்கள். டீ, ஏ, என், ஜி மிஞ்சும். சுள்ளென்ற சுவையைக் குறிக்கும் 'டேங்' என்ற சொல் அதில் இருக்கிறது. அதிலிருந்து ஒய்யில் முடியும் 'டேங்கி' என்ற பெயரடை பிறக்கும். ஒப்பிட்டுச் சொல்லும்போது ஒய் ஐயாக மாறி 'டேங்கியர்' ஆகும். ஒய் என்ற எழுத்தே கையில் இல்லாதபோதும் ஒய்யில் முடியும் சொற்களை நினைக்க வேண்டும் என்பது புதியவர்களுக்கு எளிதில் தோன்றாது. ஐ, இ, ஆர் மூன்றும் கையில் இருந்தால் ஹாப்பி, ஹெவி, நாஸ்டி போன்ற சொற்கள் எல்லாம் ஹாப்பியர், ஹெவியர், நாஸ்டியர் என்று திறந்துகொள்கின்றன.

மூன்றாவதாக, ஐ-டீ-இ என்ற வால். கனிமங்கள், பாறைகள் ஆகியவற்றின் பெயர்களில் இது மிகுதி: கிராஃபைட், பாக்சைட், டோலமைட். பிரித்தால் ஜி, ஆர், ஏ, என் மிஞ்ச, 'கிரானைட்' கைக்கு வந்துவிடுகிறது.

வாலைப் போலவே தலையையும் பிரிக்கலாம். ஆர்-இ, யு-என், ஐ-என், டி-இ, ஓ-யு-டீ, பீ-ஆர்-இ ஆகியவை அடிக்கடி வரும் தலைகள். நம் ஏழு எழுத்துகளில் ஐ-என் என்பதை இடது கோடியில் வைத்தால் ஜி, ஆர், ஏ, டீ, இ மிஞ்சுகின்றன. துருவுதலைக் குறிக்கும் 'கிரேட்' என்ற சொல் அதிலுண்டு. இரண்டையும் சேர்த்தால் நன்றி மறந்தவரைக் குறிக்கும் 'இன்கிரேட்'. துருவுவதற்கும் நன்றி மறப்பதற்கும் யாதொரு உறவும் இல்லை. அந்தச் சொல் இனிமை, நன்றி என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாம் செய்யும் பிரிப்பு சொற்பிறப்பியல் ஆராய்ச்சி அன்று, கதவைத் திறக்க வளைத்துக்கொண்ட கம்பி. திறந்தால் போதும்.

வால்களுள் நினைவில் வைக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. இ-டி, இ-ஆர், இ-எஸ்-டீ, எல்-ஒய், ஐ-எஸ்-எச், ஓ-யு-எஸ், ஏ-ஜி-இ, ஏ-பி-எல்-இ, எம்-இ-என்-டீ, என்-இ-எஸ்-எஸ், டீ-ஐ-ஓ-என் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு வாரம் கண்ணெதிரே வைத்திருந்தால், அதன்பின் அவை தாமாகவே கண்ணில் படும்.

இதற்குப் பிறகும் எதுவும் தோன்றாவிட்டால் எழுத்துகளை வட்டமாக அடுக்கிப் பாருங்கள். நேர்கோட்டில் கிடக்கும்போது முதலில் நிற்கும் எழுத்தையே சொல்லின் தொடக்கமாகக் கண் எடுத்துக்கொள்கிறது. வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை.

ஒட்டிப் பிறந்த எழுத்துகள்

சில எழுத்துகள் ஆங்கிலத்தில் இணைபிரியாமல் திரிகின்றன. சில இடங்களில் சில எழுத்துகள் கால் வைப்பதே இல்லை. இந்தப் பழக்கங்களை அறிந்தால் பாதித் தேடல் குறைந்துவிடும். சி, கே இரண்டும் கையில் இருந்தால் அவற்றை ஒட்டிவைத்துச் சொல்லின் நடுவிலோ முடிவிலோ நிறுத்திப் பாருங்கள்: ஜாக்கெட், டிக்கெட், பிளாக். அந்த இணை சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை. கே, என் இரண்டும் இருந்தால் அவை தொடக்கத்தில் வரக்கூடும், அப்போது கே ஒலிக்காது: நீ, நைட், நாட், நாக். டபிள்யூ, ஆர் இணையும் அப்படியே: ரைட், ராங், ரிஸ்ட். ஜி, எச் இரண்டும் டீயோடு சேர்ந்தால் ஐ-ஜி-எச்-டீ என்ற நான்கெழுத்துக் கட்டு கிடைத்துவிடும். லைட், ஃபைட், டைட், பிரைட் எல்லாம் அதன் மேல் எழுந்த வீடுகள்.

வி என்ற எழுத்தோடு ஆங்கிலச் சொல் முடிவது மிக அரிது. பழங்கால எழுத்துமுறையில் யு, வி இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாக இருந்தன. கடைசியில் நிற்பது உயிரா மெய்யா என்ற குழப்பத்தைத் தவிர்க்க, இ ஒன்றைப் பின்னால் சேர்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. லவ், கிவ், ஹேவ் ஆகியவற்றில் காதுக்குக் கேட்காமல் நிற்கும் இ அதுதான். ஆகவே கையில் வி வந்தால் அதற்குத் துணையாக ஓர் இயைத் தேடிவைக்க வேண்டும். ஜே என்ற எழுத்தும் அவ்வாறே முடிவில் நிற்பதில்லை. பேஜ், பிரிட்ஜ் போன்றவற்றில் அந்த ஒலியை ஜி-இ, டி-ஜி-இ ஆகியவை ஏற்றுக்கொள்கின்றன. ராஜ், ஹஜ் போல வெளியிலிருந்து சென்ற சில சொற்களே விதிவிலக்கு.

ஆறெழுத்தோடு ஓரெழுத்து

ஸ்க்ராபிளில் தேர்ந்தவர்கள் கையாளும் ஒரு பயிற்சியை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எனக்கு இந்த விளையாட்டின் மீது பற்று வந்ததே இதனால்தான். அவர்கள் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு கட்டை எடுத்துக்கொள்வார்கள். ஏழாவதாக எந்த எழுத்து வந்தால் என்ன சொல் கிடைக்கும் என்பதைப் பழகி வைத்திருப்பார்கள். அதற்கு ஏற்ற கட்டுகளுள் ஒன்று விழித்திரையைக் குறிக்கும் 'ரெட்டினா': ஆர், இ, டீ, ஐ, என், ஏ. இந்த ஆறும் ஏன் சிறந்தவை என்பதை ஸ்க்ராபிள் பையே சொல்லிவிடும். அதில் உள்ள 100 காய்களில் இரண்டு, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய்கள். எஞ்சியவற்றில் இ 12, ஏ 9, ஐ 9, என், ஆர், டீ ஆகியவை தலா 6. ஆக இந்த ஆறெழுத்துகள் மட்டுமே 48 காய்கள். ஏறத்தாழப் பாதிப் பை. 1930-களில் இந்த விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் காய்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தார்.

ரெட்டினாவை அப்படியே மாற்றி அடுக்கினால், வைத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் 'ரீட்டெய்ன்' கிடைக்கும். இனி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ப்போம். சி சேர்ந்தால் 'சர்ட்டன்'. டி சேர்ந்தால் 'டிரெய்ன்ட்', பயிற்சி பெற்ற என்ற பொருளில். இன்னோர் இ சேர்ந்தால் 'டிரெய்னீ'. எஃப் சேர்ந்தால் 'ஃபெயின்டர்', மேலும் மங்கலான. ஜி சேர்ந்தால் மேலே கண்ட கிரானைட்டும் அதன் கூட்டாளிகளும். எச் சேர்ந்தால் 'ஹேர்நெட்'. இன்னோர் ஐ சேர்ந்தால், இயற்பியலில் படித்த 'இனர்ஷியா', அதாவது சடத்துவம். கே சேர்ந்தால் முடியிலும் நகத்திலும் உள்ள புரதமான 'கெராட்டின்'. எல் சேர்ந்தால், சார்ந்திருக்கும் என்ற பொருளுடைய 'ரிலையன்ட்', கழிப்பிடத்தைக் குறிக்கும் 'லெட்ரீன்'. எம் சேர்ந்தால் பள்ளிவாசலின் 'மினாரெட்'. பீ சேர்ந்தால் ஒன்றுக்கு மூன்று: 'பெயின்டர்', 'ரீபெயின்ட்', 'பெர்டெய்ன்'. இன்னோர் ஆர் சேர்ந்தாலும் மூன்று: 'டிரெய்னர்', 'ரீடிரெய்ன்', 'டெரெய்ன்'. எஸ் சேர்ந்தால் 'நாஸ்டியர்', 'ரீட்டெய்ன்ஸ்', 'ஸ்டெய்னர்' எனப் பல. இன்னோர் டீ சேர்ந்தால் 'நைட்ரேட்'. யு சேர்ந்தால் சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் 'யூரினேட்'. ஆற்றல் தரும் பானங்களின் புட்டிகளில் அச்சிட்டிருக்கும் 'டாரீன்' என்பதும் அதே எழுத்துகள்தான். டபிள்யூ சேர்ந்தால் 'டானியர்', பழுப்பு மஞ்சள் நிறமான டானி என்பதன் ஒப்புநிலை.

இவற்றில் ஏறக்குறைய எல்லாமே பள்ளிப் படிப்பு முடித்த எவருக்கும் தெரிந்த சொற்கள் என்பதைக் கவனியுங்கள். தெரியாத சொல்லால் தோற்பவர்களைவிட, தெரிந்த சொல் கையில் இருந்தும் காணாமல் தோற்பவர்களே அதிகம். இந்த ஒரு கட்டை மனத்தில் நிறுத்துங்கள். பிறகு 'சட்டையர்', அதாவது அங்கதம் என்ற சொல்லின் எழுத்துகளான எஸ், ஏ, டீ, ஐ, ஆர், இ என்ற கட்டை இதேபோல் நீங்களே செய்துபாருங்கள்.

தமிழ்ப் புலவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதன்று. சித்திரகவிகளுள், ஒரு சொல்லோடு எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் புதுப்பொருள் காண்பது எழுத்து வருத்தனம். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் புதுப்பொருள் காண்பது அக்கரச் சுதகம். பின்னதற்கு ஆங்கிலத்தில் ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. திடுக்கிடச் செய்வதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்லிங்' ஒன்பதெழுத்துச் சொல். அதில் இரண்டாவது டீயை எடுத்தால் 'ஸ்டார்லிங்' என்ற பறவை. எல்லை எடுத்தால் 'ஸ்டேரிங்', வெறித்துப் பார்த்தல். ஏயை எடுத்தால் 'ஸ்ட்ரிங்'. ஆரை எடுத்தால் 'ஸ்டிங்'. டீயை எடுத்தால் 'சிங்'. ஜியை எடுத்தால் 'சின்'. எஸ்ஸை எடுத்தால் 'இன்'. என்னை எடுத்தால் 'ஐ'. அந்த 'ஐ' என்பதற்குப் பொருள் நான். ஆனால் எடுக்கப்பட்டது 'என்' என்ற எழுத்தே தவிர என்னை அன்று என்பதைத் தமிழில் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

முரட்டு எழுத்துகள்

க்யூ என்ற எழுத்து வந்தால் பலர் முகம் வாடிவிடும். அதற்குப் பின் யு வரவேண்டும் என்பது பள்ளிப் பாடம். அந்த இணையே ஆங்கிலத்துக்குப் பிறவியிலேயே வந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் 'குயின்', 'குயிக்' ஆகியவை சி-டபிள்யூ என்ற எழுத்துகளோடுதான் எழுதப்பட்டன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதைக் க்யூ-யு என்று மாற்றினார்கள். ஆனால் பிற்காலத்தில் அரபு, சீனம் போன்ற மொழிகளிலிருந்து சென்ற சொற்கள் யு இல்லாமலே க்யூவை எடுத்துச் சென்றன. இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ஃபக்கீர், தலாக், புர்கா, நிகாப், வக்ஃப், கவ்வாலி ஆகிய சொற்கள் எல்லாம் நாம் செய்தித்தாளிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பழகியவை. இவை ஒவ்வொன்றுக்கும் க்யூவோடு எழுதப்படும் ஆங்கில வடிவம் உண்டு. அவ்வடிவங்கள், விளையாட்டில் செல்லும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் ஸ்க்ராபிள் சொற்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஃபக்கீர் என்பதைக் கேயோடும் எழுதலாம், க்யூவோடும் எழுதலாம். கையில் எது இருக்கிறதோ அதுவே சரி. ஏமன் நாட்டில் மெல்லும் இலையான 'காட்' என்பது க்யூ, ஏ, டீ என்ற மூன்றெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான 'சீ' என்பது க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்து. வட அமெரிக்கப் பட்டியலில் அது 2006-இல் சேர்ந்த பிறகு, க்யூ ஒரு சுமையாக இருந்த காலம் முடிந்தது. ஈராக், கத்தார் ஆகியவை சிறப்புப் பெயர்கள் என்பதால் செல்லாது.

எக்ஸ் என்ற எழுத்து பார்ப்பதற்கு முரடு. உண்மையில் மிக இணக்கமானது. ஐந்து உயிரெழுத்துகளில் எதனோடும் அது ஈரெழுத்துச் சொல்லாகிவிடும். ஏ, இ, ஓ ஆகியவற்றை அதற்கு முன்னால் வையுங்கள். ஐ, யு ஆகியவற்றைப் பின்னால் வையுங்கள். ஐந்தும் செல்லும். இசட் என்ற எழுத்துக்கு ஏயைப் பின்னால் வைத்தால் போதும். பீட்சாவின் சுருக்கமாக அது ஏற்கப்பட்டிருக்கிறது. காலின்ஸ் பட்டியலில் உள்ள ஈரெழுத்துச் சொற்களில் ஒன்றில்கூட இடம்பெறாத எழுத்து வி மட்டுமே என்பதால், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அதைக் கையில் வைத்திருப்பது ஆபத்து.

உயிரெழுத்தே வராவிட்டால் ஒய்யைத் தேடுங்கள்: ரிதம், நிம்ஃப், லின்க்ஸ், மித், கிரிப்ட். ஒய்யும் இல்லையென்றால் 'ஷ்ஷ்', 'ஹ்ம்ம்' போன்ற ஒலிக்குறிப்புகளும், வேல்ஸ் மொழியிலிருந்து வந்த, பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'கூம்' என்பதும் உதவும். அதில் சி, டபிள்யூ, எம் மட்டுமே உண்டு.

கணினியைக் கொண்டு தேடுவது

விளையாடும்போது இது கூடாது. விளையாடி முடித்தபின், எதைத் தவறவிட்டோம் என்று பார்ப்பதற்குப் பெரிதும் உதவும். ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளத்தில், கேள்விக்குறி ஓரெழுத்தையும், நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளை வேண்டுமானாலும் குறிக்கும். எழுத்துகள் ஒரே கட்டாக வேண்டுமென்றால் கட்டின் இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரம் இடுங்கள். வரிசை மட்டும் போதுமென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையிலும் நட்சத்திரம் இடுங்கள். எடுத்துக்காட்டாக, ஆர், எஸ், டீ, யு ஆகிய நான்கும் அகரவரிசை மாறாமல் ஒரே கட்டாக வரும் சொல் உண்டா என்று தேடினால், மாற்று நடிகரைக் குறிக்கும் 'அண்டர்ஸ்டடி' கிடைக்கும்.

எழுத்துகள் எப்படியும் வரலாம் என்ற மூன்றாவது வகைக்கு, லினக்ஸ் அல்லது மேக் கணினியில் 'கிரெப்' என்ற கட்டளை போதும். ஒரு சொற்பட்டியல் கோப்பில் முதல் எழுத்துக்குத் தேடி, வரும் விடையைக் குழாய்க்குறி வழியே இரண்டாவது எழுத்துக்கான தேடலுக்கும், பிறகு மூன்றாவதற்கும் அனுப்பினால், எல்லா எழுத்துகளும் உள்ள சொற்கள் மட்டும் வடிகட்டி நிற்கும். இருக்கும் எழுத்துகள் அனைத்தையும் மிச்சமின்றிப் பயன்படுத்தும் சொல் வேண்டுமென்றால் வழி வேறு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படி அடுக்கி, அந்த அடுக்கை அச்சொல்லின் சாவியாக வைத்துக்கொள்ள வேண்டும். கிரானைட், டேரிங், இன்கிரேட், டேங்கியர் நான்குக்கும் சாவி ஒன்றே: ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், டீ. கையில் உள்ள எழுத்துகளையும் அப்படியே அடுக்கிச் சாவியைப் பொருத்தினால் விடை உடனே வந்துவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இதைப் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் காய்களை எடுத்தவுடன் அகரவரிசையில் அடுக்கிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். அவர்கள் மனத்தில் சொற்கள் சாவியோடு சேர்ந்தே பதிந்திருக்கின்றன.

இறுதியாக ஒரு பயிற்சி. ஏ, இ, ஜி, ஐ, எல், என், ஆர், டீ என்ற எட்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்டினாவோடு ஜியும் எல்லும் சேர்ந்த கட்டு இது. ஐ-என்-ஜியைப் பிரித்தால் ஏ, எல், டீ, இ, ஆர் மிஞ்சும். அதில் 'ஆல்டர்', 'அலர்ட்', 'லேட்டர்' என்ற மூன்று சொற்கள் தெரியும். முதலிரண்டு மட்டும் வாலை ஏற்று 'ஆல்டரிங்', 'அலர்ட்டிங்' ஆகும். லேட்டர் வினைச்சொல் அன்று என்பதால் நின்றுவிடும். 'ரிலேட்' என்பதன் கடைசி இயைக் கழித்தால் 'ரிலேட்டிங்' மூன்றாவதாக வரும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐ-என்-ஜி கண்ணைப் பறிக்கும் வால் என்பதால், அதையே பிடித்துக்கொண்டு தொங்குபவர்களுக்கு இந்த எட்டு எழுத்துகளில் இன்னும் இரண்டு எளிய சொற்கள் தெரியவே தெரியாது. அந்த வாலைக் கலைத்துவிட்டு எல்-இ என்பதைக் கோடியில் வையுங்கள். பிறகு அதையும் கலைத்து ஏ-எல் என்பதை வையுங்கள். முதலாவது 'டிரையாங்கிள்', முக்கோணம். இரண்டாவது 'இன்டெக்ரல்', கணித வகுப்பில் நாம் தொகையீடு என்று படித்தது.